மூன்றாவது கெப்பாசிட்டருக்குப் பிறகு: ஏசிக்கு எதில் காசு போடுவது?

எங்கள் குசினி லாச்சியில் மூன்று செத்த கெப்பாசிட்டர்கள் கிடக்கின்றன. ஏசியின் மோட்டரை ஓடவைக்க உதவும் உருளைச் சாமான்தான் கெப்பாசிட்டர். மூன்றும் அம்மாவின் அறை ஏசியிலிருந்து கழற்றியவை. ஏசியோடு வந்த முதலாவது ஆறு வருடம் உழைத்தது. இரண்டாவது பதினொரு மாதம். மூன்றாவது நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. அதன் தகரத் தலை இடியப்ப உரலைக் கவிழ்த்ததுபோல ஊதி நிற்கிறது.

ஒவ்வொரு முறையும் ஒரே கூத்துத்தான். இரவு பத்து மணிக்கு உள்ளே காற்று வரும், குளிர் வராது. பல்கனியில் வெளி யூனிட் 'உம்ம்' என்று முனகி, கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று அடங்கும். சில நிமிடம் கழித்துத் திரும்பவும் முனகும். அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்துவிடுவார்.

மூன்றாவது போனபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஏசி திருத்த வரும் தம்பி, "இந்த முறை நல்ல கெப்பாசிட்டராப் போடுவம் அண்ணா" என்றார். மேல்மாடி அங்கிள் ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார். அத்தான், "பழசைத் தூக்கி எறிஞ்சிட்டு இன்வேர்ட்டர் ஏசி ஒன்று போடு, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். மூன்றுக்கும் இடையே செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஏசி இல்லாத வீடு குறைவு என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததாக இருக்காது. அதனால் நான் அலசிப் பார்த்த வழிகளை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரே சாமான் இரண்டாம் முறையும் போனால், அடுத்த காசை ஏசிக்குள் போடாதீர்கள். முதலில் ஏசிக்கு வரும் கரண்டைப் பாருங்கள்.

செத்த சாமான் என்ன சொல்கிறது

கழற்றிய சாமானைத் தம்பி கொண்டுபோக விடாதீர்கள். கேட்டு வாங்கி வையுங்கள். எங்கள் தம்பி முதலில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார், பிறகு பழகிவிட்டது.

இன்வேர்ட்டர் ஏசி கொம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும். பழைய மாதிரி, அதாவது இன்வேர்ட்டர் இல்லாத ஏசியில் கொம்ப்ரஸர் (காஸை அழுத்தும் மோட்டர்) ஓடுவதற்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர் வேண்டும். 12,000 பிடியூ (குளிரூட்டும் அளவு) மெஷினுக்குப் பெரும்பாலும் 30 அல்லது 35 மைக்ரோஃபரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு). விசிறிக்கு ஒன்றரையிலிருந்து மூன்று வரை சின்னதாக ஒன்று. பெரியதன் மேல் 450 வோல்ட் என்று போட்டிருக்கும். வீட்டுக்கு வருவது 230தானே, எதற்கு 450 என்று நானும் நினைத்திருக்கிறேன். கொம்ப்ரஸர் ஓடும்போது மோட்டர் சுருளே ஒரு வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. அதுவும் சேர்ந்து கெப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் இடையே 350, 400 வரை நிற்கும். வீட்டு வோல்ட்டேஜ் 260க்குப் போனால் இதுவும் அதே விகிதத்தில் ஏறும். 450இன் வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் கெப்பாசிட்டர் ஊதத்தான் செய்யும்.

சூடு இன்னொரு எமன். பத்துப் பாகை சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வெளி யூனிட்டின் முன்னால் உடுப்புக் காயப்போடும் கொடியைக் கட்டிவைத்து, அது விடும் அனலையே அதற்குத் திரும்ப மூச்சாகக் கொடுக்கும் வீடுகள் எத்தனை! எங்கள் வீடும் அதில் ஒன்று. அம்மாவின் பெட்ஷீட் காயும் நாட்களில் ஏசிக்கு ஜுரம்.

போர்ட், அதாவது ஏசியைக் கட்டுப்படுத்தும் சர்க்கிட் பலகை, போனதென்றால் பார்க்க வேண்டியது வேறு. உள் யூனிட் போர்ட்டில் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். பக்கத்தில் நீல நிறத்தில், தட்டையாக, ஒரு சத அளவில் வேரிஸ்டர். வோல்ட்டேஜ் மிதமிஞ்சினால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. வேரிஸ்டர் வெடித்துப் பிளந்து, ஃபியூஸ் கண்ணாடி உள்ளே கறுப்பாகப் பூசியதுபோல இருந்தால் வெளியிலிருந்து பெரிய அடி வந்திருக்கிறது. வேரிஸ்டர் நன்றாக இருக்க, ஃபியூஸின் கண்ணாடி தெளிவாக, உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஏசிக்குள்ளேயே இருப்பார்: விசிறி மோட்டர், வால்வுச் சுருள், எங்காவது ஒரு ஷோர்ட். மூன்றாவது சாத்தியம் பல்லி. சிரிக்க வேண்டாம். வெளி யூனிட்டின் டெர்மினலுக்குள்ளும் கொம்ப்ரஸருக்குக் கரண்டைக் கொடுத்து வெட்டும் கொன்டக்டர் சுவிட்சின் இடுக்கிலும் எறும்பும் பல்லியும் புகுந்து கருகிக் கிடப்பதைத் தம்பி எனக்குப் போனில் படமாகவே காட்டினார். அதற்கு மருந்து புதுப் போர்ட் இல்லை. வயர் நுழையும் ஓட்டையை அடைப்பதுதான்.

கொட்டாஞ்சேனையில் பெரியம்மா மகன் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இன்வேர்ட்டர் ஏசி. வெளி யூனிட் போர்ட் போனது, புதியது போட்டார்கள், ஒரு மணித்தியாலத்தில் அதுவும் போனது. இரண்டாவது போர்ட்டின் காசும் கரைந்த பிறகுதான் வெளி விசிறியின் டிசி மோட்டர் உள்ளுக்குள் ஷோர்ட் என்று கண்டுபிடித்தார்கள். மோட்டர்தான் போர்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. புதுப் போர்ட்டை மாட்டும் முன் மோட்டரின் முனைகளையும் கொம்ப்ரஸரின் மூன்று முனைகளையும் மீட்டரால் அளக்க ஐந்து நிமிடம் போதும். இன்வேர்ட்டர் கொம்ப்ரஸரின் மூன்று முனைகளுக்கிடையே எந்த இரண்டை அளந்தாலும் ஒரே அளவு தடை காட்ட வேண்டும். எந்த முனைக்கும் உடம்புத் தகரத்துக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. இதை அளக்காமல் போர்ட் மாற்ற வருகிறவரை நான் வாசலிலேயே நிறுத்துவேன்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் நீங்கள் மூடியைத் திறந்து செய்வதற்காகச் சொல்லவில்லை. கெப்பாசிட்டர் பிரேக்கரை அணைத்த பின்னும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். இன்வேர்ட்டர் போர்ட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி சில நிமிடங்களுக்கு நிற்கும். நாலாம் மாடி பல்கனிக்கு வெளியே தொங்கிக்கொண்டு பார்க்க வேண்டிய அலுவலும் இல்லை. கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் வழி: அதே சாமானை நல்லதாக வாங்குவது

செலவு குறைந்த வழி இதுதான். கெப்பாசிட்டரின் விலை, ஆள் வந்து போகும் கூலியைவிடக் குறைவு. அதனாலேயே மூன்று முறை இதைச் செய்துவிட்டு, மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது மனம் கசந்தது.

ஆனால் கெப்பாசிட்டரிலும் தரம் உண்டு, அது அதன் மேலேயே எழுதியிருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் 35, இரண்டும் 450 வோல்ட். ஒன்றில் '40/70/21', 'பி' என்று இருந்தது. 70 என்பது அது தாங்கும் உச்ச வெப்பம். 'பி' என்பது 10,000 மணித்தியாலம் உழைக்கும் வகுப்பு. 'சி' என்றால் 3,000, 'டி' என்றால் வெறும் 1,000. 'ஏ' வகுப்பு 30,000. சில கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு 'பி', 450க்கு 'சி' என்று இரண்டும் போட்டிருக்கும். வோல்ட்டேஜ் ஏற ஏற ஆயுள் குறையும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கடையிலிருந்த மற்றதில் வகுப்பே இல்லை. விலை கிட்டத்தட்டப் பாதி. என் லாச்சியில் கிடக்கும் மூன்றாவதும் வகுப்பில்லாத சாதிதான்.

ஒரு இரவில் எட்டு மணித்தியாலம் ஏசி போட்டு, அதில் ஐந்து மணித்தியாலம் கொம்ப்ரஸர் ஓடினாலும் வருடத்துக்கு 1,800 மணித்தியாலம் வருகிறது. 'சி' வகுப்பு ஒன்றரை வருடம், 'பி' ஐந்து வருடத்துக்கு மேல். கணக்கு இவ்வளவு நேராக வீட்டில் நடக்காது, ஆனாலும் எதை வாங்குவது என்று தீர்மானிக்க இது போதும். மைக்ரோஃபரட் அளவை மட்டும் மாற்றாதீர்கள். "35 இல்லை, 45 போடுவம், இன்னும் ஸ்ட்ரோங்கா ஓடும்" என்பவர் கொம்ப்ரஸர் சுருளைச் சூடாக்க வழி சொல்கிறார்.

இந்த வழி யாருக்கு? முதல் முறை போனவர்களுக்கு. அல்லது நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு. அது தேய்மானம், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி: போர்ட்டைத் திருத்துவது

இதில் எனக்குச் சொந்த அனுபவம் குறைவு, அதனால் சுருக்கமாக. இன்வேர்ட்டர் அல்லாத ஏசியின் உள் போர்ட் என்றால் திருத்தக் கொடுப்பதில் தவறில்லை. வேரிஸ்டர், ஃபியூஸ், ரிலே (தானாக இயங்கும் சின்ன சுவிட்ச்) போன்றவை சில்லறைச் சாமான்கள், தெரிந்தவர் கையில் அரை நாள் வேலை. யாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் பொதுப் போர்ட்டைப் போடுவதைவிட அதையே திருத்தி எடுப்பது நல்லது. இன்வேர்ட்டர் வெளிப் போர்ட்டில் கொம்ப்ரஸரை ஓட்டும் பவர் மொட்யூல் போயிருந்தால் நான் திருத்தக் கொடுக்கமாட்டேன். மொட்யூலை மாற்றலாம்தான். அதன் அடியில் வெப்பப் பசை சரியாகப் பூசாவிட்டால் அடுத்த வெயிலுக்குள் திரும்ப வரும். கடற்பக்க வீடென்றால் உப்புப் பூத்த போர்ட்டின் மற்ற மூலைகளும் வரிசையில் நிற்கும். அசல் போர்ட் வாங்க முடிந்தால் வாங்குங்கள், விலையைக் கேட்டுவிட்டு ஒருமுறை உட்காருங்கள், கடைசி வழியையும் வாசியுங்கள்.

மூன்றாவது வழி: ஸ்டெபிலைசரா, கட்-ஓஃப்பா, சேர்ஜ் அரெஸ்டரா

இங்கேதான் குழப்பம் அதிகம். மூன்றையும் 'புரொடெக்டர்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள், மூன்றும் மூன்று வேலை.

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216இலிருந்து 244க்குள். இதை நம்பிக்கையின் பேரில் விட்டுவிடாமல் அளந்து பார்க்க, பிளக்கில் செருகும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் போதும். நான் ஒரு வாரம் எழுதி வைத்தேன்: விடிய ஆறு மணி, பகல் ஒரு மணி, இரவு எட்டு மணி.

ஸ்டெபிலைசர் குறைந்த வோல்ட்டேஜைக் கூட்டியும் கூடியதைக் குறைத்தும் கொடுக்கும். லைன் கடைசியில் இருக்கும் வீடு, இரவில் மணிக்கணக்காக 190க்குக் கீழே கிடக்கிறது என்றால் அது கட்டாயம் வேண்டும். கொழும்பு நகருக்குள் அப்படி இருந்தால் அதை முறைப்பாடு செய்ய வேண்டும். மின்சார சபைக்கு 1987, லெகோ மின்சாரக் கம்பனிக்கு 1910. என் வாரக் குறிப்பில் ஒரு நாளும் 218க்குக் கீழே போகவில்லை. எனக்கு ஸ்டெபிலைசர் என்பது சுவரில் தொங்கும் இன்னொரு சூட்டுப் பெட்டி. மேல்மாடி அங்கிளின் ஸ்டெபிலைசர் இரவில் 'டிக் டிக்' என்று ரிலே மாற்றும் சத்தம் எங்கள் கூரைவழி கேட்கும். அவருக்கு அதில் ஒரு நிம்மதி, நான் ஏன் கெடுப்பான்?

கட்-ஓஃப் என்பது வோல்ட்டேஜைத் திருத்தாது, பார்த்துக்கொண்டிருக்கும். எல்லை தாண்டினால் வெட்டிவிடும். நல்லபடி வந்த பிறகும் உடனே கொடுக்காமல் நாம் வைத்த நேரம் காத்திருக்கும். டீபி போர்டில் (வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) பிரேக்கரோடு பிரேக்கராகப் பூட்டுவது உண்டு. நான் மேலே 255, கீழே 190, காத்திருப்பு 180 செக்கன் என்று வைத்திருக்கிறேன். மூன்று நிமிடம் ஏன் என்றால், கொம்ப்ரஸர் நின்றவுடன் காஸ் அழுத்தம் ஒரு பக்கம் உச்சத்தில் இருக்கும். அது சமப்படும் முன் கரண்ட் வந்தால் கொம்ப்ரஸர் சுழல முடியாமல் திணறி, சாதாரணமாக இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். பெரும்பாலான ஏசிகளில் இந்தக் காத்திருப்பு உள்ளேயே உண்டு. பழைய மெஷினில் நம்பி இருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அப்படியான நாளில் கரண்ட் வந்த முதல் சில நிமிடம்தான் ஆபத்து. வரும், போகும், ஏறும், இறங்கும்.

சேர்ஜ் அரெஸ்டர் இடிமின்னலுக்கு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் கொழும்பில் விழும் இடியை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னல் தரும் அடி மைக்ரோ செக்கன் கணக்கு. அதற்குள் கட்-ஓஃப்பின் ரிலே அசையக்கூட அசையாது, ஸ்டெபிலைசரும் அப்படியே. அரெஸ்டர் அந்த அடியை எர்த்துக்குத் தள்ளிவிடும். அப்படியானால் எர்த் இருக்க வேண்டும் இல்லையா? பழைய தொடர்மாடிகளில் எர்த் வயர் பிளக் வரை வந்திருக்கும், மண்ணில் அதன் மறுமுனை எங்கே என்று கட்டியவருக்கே தெரியாது. அரெஸ்டர் வாங்கும் முன் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: வழமையாக விற்கும் அரெஸ்டர் 275 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் தானே எரிந்துபோகும். வோல்ட்டேஜ் ஏறும் வியாதி உள்ள வீட்டில் அரெஸ்டரை மட்டும் போடுவது வீண்.

விலையைப் பார்த்தால் மூன்றிலும் கட்-ஓஃப் மலிவு, ஏசிக்குப் போதுமான பெரிய ஸ்டெபிலைசர் பல மடங்கு அதிகம். என் தெரிவு கட்-ஓஃப் முதலில். எர்த் சரியாக இருந்தால் அரெஸ்டர் அடுத்தது.

நாலாவது வழி: யாரும் சொல்லாதது

என் வாரக் குறிப்புக்கு வருகிறேன். விடிய 234. பகல் 236. இரவு எட்டு மணிக்கு 258.

இது தலைகீழ். இரவு ஆறரையிலிருந்து பத்தரை வரை ஊரே கரண்ட் இழுக்கும் நேரம், வோல்ட்டேஜ் இறங்க வேண்டும். பகலில் ஏறினால்கூட, கூரையில் சூரியப் பலகை போட்ட வீடுகள் நிறைந்த ஒழுங்கை என்று விளக்கம் சொல்லலாம். இரவில் ஏறுகிறது. அன்று இரவு கதிரையைப் போட்டு மீட்டரின் முன்னாலேயே உட்கார்ந்தேன். கீழ்வீட்டில் சுடுதண்ணி கீசர் போட்டிருப்பார்கள் போல, எங்கள் ஹோல் லைட் பளிச்சென்று வெளிச்சம் கூடியது. மீட்டரில் 261. பத்து நிமிடத்தில் பழையபடி 240. பக்கத்து வீட்டில் பாரமாக ஒன்று போட்டால் நம் விளக்கு மங்கலாம். பிரகாசிக்கக் கூடாது.

கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் (கரண்ட் வரும் லைன்) வருகிறது, வீடுகளுக்கு ஒவ்வொரு ஃபேஸாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் மட்டும் எல்லாருக்கும் பொது. அந்தப் பொது நியூட்ரல் எங்காவது தளர்ந்தால், பாரம் கூடிய ஃபேஸில் வோல்ட்டேஜ் இறங்கும், பாரம் குறைந்த ஃபேஸில் ஏறும். முழுதாக அறுந்தால் 400ஐ நெருங்கிக்கூட ஏறலாம். ஒரே இரவில் நாலு வீட்டு ரீவி, ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் போன கதைகள் அப்படி வந்தவைதான்.

வயரிங் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தோம். அறுபது வயது இருக்கும், சிங்களவர், அதிகம் கதைக்கமாட்டார். கீழே பெனல் அறையைத் திறந்து, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நியூட்ரல் பட்டையின் ஒரு போல்ட்டை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக் காட்டினார். மற்ற போல்ட்டுகள் பித்தளை நிறம். அது மட்டும் நாவல் பழ நிறம். அதில் வந்து சேரும் வயரின் கறுப்பு உறை அரை அங்குலத்துக்கு உருகிச் சுருங்கி இருந்தது. "மேக்க தமய் லெடே" என்றார். இதுதான் வியாதியாம்.

கரண்டை வெட்டி, வயர் முனையை வெட்டிப் புது லக் (போல்ட்டில் பூட்டும் உலோகக் காது) போட்டு, பட்டையை உரசி, இறுக்கி முடிக்க ஒன்றரை மணித்தியாலம். மீட்டர் வரை மின்சார சபையின் பொறுப்பு, பெனல் அறை கட்டடத்தின் பொறுப்பு என்பதால் முகாமைத்துவக் குழுவைச் சம்மதிக்க வைக்க எடுத்த இரண்டு கிழமைதான் உண்மையான செலவு. காசு பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டபோது என் பங்கு ஒரு ஏசி சர்வீஸைவிடக் குறைவு.

அதே கையோடு பாஸ் எங்கள் வீட்டு ஏசி லைனையும் பார்த்தார். அது ஒரு 13 அம்பியர் பிளக்கில் போய்க்கொண்டிருந்தது. கழற்றினால் பிளக்கின் மூன்று கால்களில் ஒன்றின் பக்கம் பழுப்பு. மணிக்கணக்காக ஓடும் ஏசிக்கு பிளக் கூடாது, டீபியிலிருந்து தனி பிரேக்கர், 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு), பக்கத்தில் ஐசொலேட்டர் சுவிட்ச் என்று மாற்றிக் கொடுத்தார். 18,000, 24,000 பிடியூ என்றால் 7/0.85 போட வேண்டுமாம். தளர்ந்த முனை சூடாகும், சூடான முனை இன்னும் தளரும். அங்கே ஏற்படும் விட்டுவிட்டுத் தொடும் தொடுப்புத்தான் கொன்டக்டரைப் பொரியவைத்து ரிலேயை ஒட்டவைப்பது.

கடைசி வழி: ஏசியையே மாற்றுவது

அத்தானின் யோசனையை நான் ஒதுக்கவில்லை, வரிசையைத்தான் மாற்றினேன். அந்த நியூட்ரலோடு புது இன்வேர்ட்டரை வாங்கி மாட்டியிருந்தால் கெப்பாசிட்டர் போன இடத்தில் போர்ட் போயிருக்கும். உத்தரவாத அட்டையைக் கண்ணாடி போட்டு வாசியுங்கள்: கொம்ப்ரஸருக்கு ஐந்து, பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும், போர்ட்டுக்கு எத்தனை என்பது சின்ன எழுத்தில். இடிமின்னலும் வோல்ட்டேஜ் கோளாறும் பெரும்பாலும் அதில் சேராது.

மாற்றத்தான் வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள அடையாளங்கள் இவை. கொம்ப்ரஸர் சுருள் உடம்போடு தொடர்பு காட்டுகிறது. வெளிக் கொயிலின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே உதிர்கின்றன. மரைன் டிரைவ் பக்கம் பார்த்த பல்கனியில் உப்புக் காற்று இதைச் சில வருடங்களிலேயே செய்துவிடும். இன்வேர்ட்டர் வெளிப் போர்ட்டின் விலை புது மெஷினில் பாதியை எட்டுகிறது, மெஷினுக்கு வயது ஏழு எட்டு. ஆர்-22 என்ற பழைய குளிர் காஸில் ஓடும் மெஷின், காஸும் கசிகிறது. இதில் ஒன்று இருந்தாலே எனக்குப் போதும்.

எதை வாங்குவது? இரவு முழுக்க ஓடும் அறைக்கு இன்வேர்ட்டர். 12,000 பிடியூ பழைய மாதிரி ஓடும்போது சுமார் 1.1 கிலோவாட் இழுக்கும். எட்டு மணித்தியாலத்தில் அறுபது சதவீதம் ஓடினால் இரவுக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல், மாதம் கிட்டத்தட்ட 160. மற்றச் சாமான்களோடு சேர்த்தால் 180 யூனிட் கோட்டைத் தாண்டி, மின்கட்டணப் பட்டியலின் கடைசிப் படிக்குப் போய்விடும். இன்வேர்ட்டர் அந்தக் கோட்டுக்குள் பிடித்து வைக்க உதவும். ஆனால் விருந்தாளி வரும்போது மட்டும் போடும் ஹோலுக்கு இன்வேர்ட்டர் வாங்குவது எனக்கு வீண் செலவாகப் படுகிறது. பழைய மாதிரியில் கரண்ட் பக்கம் பழுதாகக் கூடியது கெப்பாசிட்டர் இரண்டு, ஒரு ரிலே, ஒரு சின்னப் போர்ட். எல்லாம் புறக்கோட்டையில் அன்றைக்கே கிடைக்கும். 2022இல் இறக்குமதி அடைபட்டு, உதிரிப்பாகத்துக்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அம்மாவின் அறையில் இப்போதும் பழைய ஏசிதான். கொடியை மற்றப் பக்கத்துக்கு மாற்றிவிட்டோம், பெட்ஷீட் பற்றிய வாக்குவாதம் தொடர்கிறது. நாலாவது கெப்பாசிட்டர் 'பி' வகுப்பு. பதினாலு மாதம் கழித்து சர்வீஸுக்கு வந்தபோது தம்பி கழற்றி அளந்தார், 34.6 காட்டியது. வெளிக் கொயிலின் கீழ் மூலையில் தகடு உதிரத் தொடங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் போனால் அத்தானோடு கடைக்குப் போகத்தான் வேண்டும்.

மேல்மாடி அங்கிளின் ஸ்டெபிலைசர் நியூட்ரலை இறுக்கிய நாளிலிருந்து 'டிக் டிக்' அடிப்பதில்லை. பழுதாகிவிட்டதோ என்று ஒருநாள் கேட்க வந்தார்.